லேன்யார்டா, பிளாக்கா, ரோப் கிராப்பா: உயரத்து வேலைக்கு எது பொருந்தும்?

பெல்ட் போட்டாச்சு, கொக்கி மாட்டியாச்சு என்பதோடு பல சைட்டுகளில் உயரப் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. விழுகிறவர் தரையையோ இயந்திரத்தையோ தொடுமுன் நிற்பாரா? நின்றால், தொங்கும் அவரை யார், எதை வைத்து, எத்தனை நிமிடத்தில் இறக்குவது? கருவியின் விலையைப் பார்க்கும் முன் இவற்றுக்கு விடை வேண்டும். ஹார்னஸைப் பிடிமானத்தோடு இணைக்கும் குட்டைக் கயிறான லேன்யார்ட், தானே சுருட்டிக்கொள்ளும் பிளாக், தொங்கும் கயிற்றில் கூடவே நகர்ந்து விழும்போது பிடித்துக்கொள்ளும் ரோப் கிராப் என மூன்று கருவிகளும் இதே கேள்விகளுக்கு வெவ்வேறு விடை தருகின்றன.

மூன்றுக்குமே தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சுற்றிக் கட்டும் ஃபுல் பாடி ஹார்னஸ்தான் அடிப்படை. இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டை விழுவதைத் தடுக்கப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கா 1998 ஜனவரி 1 முதல் விதித்துவிட்டது. விழும் அதிர்ச்சி முழுவதும் வயிற்றில் இறங்கும், ஆள் தலைகீழாக நழுவவும் கூடும். நம் ஊரில் இன்னும் அந்தப் பெல்ட் தொங்குவதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

ஷாக் அப்சார்பர் லேன்யார்ட்

விலை குறைவு, எடை குறைவு, எங்கும் கிடைக்கும். ஆனால் இதற்குத்தான் கீழே அதிக இடம் வேண்டும். ஷெட் கூரையில் ஷீட் போடுபவர் தன் காலடியில் உள்ள பர்லினில் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) கொக்கியை மாட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2 மீட்டர் லேன்யார்ட் இறுகும்போது அவர் ஏறக்குறைய 3.5 மீட்டர் விழுந்திருப்பார். வேகம் மணிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். கொக்கி மாட்டிய இடத்திலிருந்து கீழே வேண்டிய இடத்தின் கணக்கு இது: லேன்யார்ட் 2 மீட்டர், அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் அப்சார்பர் கிழிந்து நீள்வது அதிகபட்சம் 1.75, ஹார்னஸின் முதுகில் உள்ள டி ரிங் என்ற வளையத்திலிருந்து பாதம் வரை 1.5, பாதுகாப்பு இடைவெளிக்கு 1. மொத்தம் 6.25 மீட்டர். ஷெட்டின் உயரம் 6 மீட்டர், அடியில் 1.5 மீட்டர் உயர இயந்திரம் என்றால் கையிருப்பில் 4.5 மீட்டர்தான். எல்லாம் முறைப்படி மாட்டியிருந்தும் அவர் இயந்திரத்தில் மோதுவார்.

அதே லேன்யார்டைத் தோள் உயரத்தில் மாட்டினால் காலடிக்குக் கீழே 4.75 மீட்டர் போதும். தலைக்கு மேல் மாட்டினால் இன்னும் குறையும். உங்கள் கருவியின் லேபிளில் உள்ள எண் இவற்றிலிருந்து வேறுபட்டால் லேபிளைத்தான் பின்பற்ற வேண்டும்.

டவர், சாரம், ஸ்டீல் கட்டமைப்பு ஆகியவற்றில் ஏறி இறங்குவதற்கு இரட்டை லேன்யார்டை மிஞ்ச ஒன்றுமில்லை. ஒரு கொக்கியைக் கழற்றும்போது மற்றது மாட்டியே இருக்கும். ஆனால் அதில் ஒரு ஆபத்தான பழக்கம் உண்டு. சும்மா இருக்கும் கொக்கியை ஹார்னஸின் இடுப்பு வளையத்தில் மாட்டி வைப்பார்கள். விழும்போது லேன்யார்டின் அந்தக் கிளை அப்சார்பரைத் தாண்டி நேராக இழுபடும். அப்சார்பர் கிழிய வழியில்லாமல் மொத்த அதிர்ச்சியும் உடலுக்கு வரும். அழுத்தத்தில் தானே விடுபடும் பார்க்கிங் வளையம் ஹார்னஸின் மார்புப் பட்டையில் இருக்கும், அதில் மாட்டட்டும். லேன்யார்டில் முடிச்சுப் போட்டுச் சுருக்குவதும் கூடாது. முடிச்சு அதன் வலிமையைப் பெருமளவு தின்றுவிடும்.

பிளாக்

கார் சீட் பெல்ட் போலத் தானே இழுத்துக்கொண்டு, வேகம் கூடினால் பூட்டிக்கொள்ளும் கருவி இது. தலைக்கு மேல் தொங்கவிட்டால் காலடியில் 2 முதல் 3 மீட்டர் இருந்தால் போதும். விழும் தூரம் குறைவு என்பதால் காயமும் குறைவு, மீட்பும் எளிது. கிரேன் வழித்தடம், லாரியில் சரக்கு ஏற்றும் இடம், தொட்டிக்கு மேல் ஏறும் வேலை என மேலே பிடிமானம் உள்ள இடமெல்லாம் இதுவே சிறந்தது. லேன்யார்டைவிடப் பல மடங்கு விலை, வருடாந்திர சோதனை என்று செலவுகள் இருந்தாலும் அவை நியாயமானவை.

இதன் பலவீனம் பக்கவாட்டு நகர்வு. பிளாக் உங்கள் டி ரிங்குக்கு 3 மீட்டர் மேலே இருக்க, நீங்கள் பக்கவாட்டில் 4 மீட்டர் நகர்ந்தால் கேபிள் 5 மீட்டர் வெளியே வந்திருக்கும். விழுந்தால் ஊஞ்சல்போல் ஆடி 2 மீட்டர் கீழிறங்கித் தூணிலோ சுவரிலோ மோதுவீர்கள். செங்குத்துக் கோட்டிலிருந்து 30 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. இன்னொன்று, மணல், தானியம், நிலக்கரி மேல் நின்று வேலை செய்பவர் மெதுவாகப் புதைவார். அந்த வேகம் பூட்டு விழப் போதாது. கால் மட்டத்தில் மாட்டி விளிம்பைத் தாண்டிப் பயன்படுத்தவும் சாதாரண பிளாக் உகந்ததல்ல. விளிம்பில் சோதிக்கப்பட்ட மாடல் வேறு, அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

கயிறும் ரோப் கிராப்பும்

கட்டடத்தின் வெளிப்புறப் பெயின்ட், தொங்கு மேடை, பலகை ஊஞ்சல் ஆகியவற்றுக்கு ஏற்றது. மேடையைத் தாங்கும் கயிற்றிலோ அதன் ஆங்கரிலோ (கயிற்றைப் பிணைக்கும் பிடிமானம்) கிராப் ஓடும் கயிறான லைஃப்லைனைக் கட்டினால் இரண்டும் சேர்ந்தே போகும். தனி ஆங்கர், தனிக் கயிறு, ஒருவருக்கு ஒன்று.

கிராப்பின் மீது மேல்நோக்கிய அம்புக்குறி இருக்கும். தலைகீழாகப் போட்டால் பூட்டாது. கயிற்றின் விட்டம் கிராப்பில் பொறித்திருப்பதோடு பொருந்த வேண்டும். 14 மில்லிமீட்டருக்கானதில் 12 மில்லிமீட்டர் கயிறு வழுக்கிப் போகும். பதற்றத்தில் ஆள் கிராப்பையே இறுக்கிப் பிடித்தால் சில மாடல்கள் திறந்தே இருந்து கூடவே இறங்கும். கயிறு நீள்வதும் கணக்கில் வர வேண்டும். 5 சதவீதம் நீளும் கயிறு, ஆங்கருக்கு 30 மீட்டர் கீழே 1.5 மீட்டர் கூடுதலாக இறக்கும். தரைக்கு அருகில் வேலை செய்யும் கடைசி நாளில்தான் இது கடிக்கும்.

மஞ்சள், நீலப் பிளாஸ்டிக் கயிற்றை லைஃப்லைனாகக் கட்டுவது இங்கே சகஜம். அது வெயிலில் நைந்துபோகும். உருகுநிலை ஏறக்குறைய 165 டிகிரிதான், வெல்டிங் பொறி பட்டாலே போதும். தாங்கும் சுமை எழுதிய, உற்பத்தித் தேதி தெரிந்த பாலிஅமைடு (நைலான்) கயிறு வாங்குங்கள். வெல்டிங் இடத்தில் ஸ்டீல் கம்பிக் கயிறு. விளிம்பில் உரசும் இடத்தில் உறை.

ஷீட் கூரைக்கு எது?

சொன்ன ஷெட்டில் என் தேர்வு மூன்றுமே இல்லை. முகட்டில் ஆங்கர் போட்டு, விளிம்பை எட்டவே முடியாத நீளத்துக்குச் சுருக்கிய கயிற்றில் வேலை செய்தால் விளிம்பில் விழ வழியே இல்லை, அந்தப் பக்கம் மீட்பும் தேவையில்லை. ஆனால் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் வெளிச்ச ஷீட்டும் காலுக்கடியில் உடையும். அதை அந்தக் கயிறு தடுக்காது. எனவே பர்லினில் இருந்து பர்லின் வரை தாங்கும் நடைபலகையும் அடியில் வலையும் அவசியம்.

இரு தூண்களுக்கிடையே கிடைமட்டக் கம்பி கட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கம்பியை விறைப்பாக இழுத்தால் வலுவாகும் என்பது தவறு. விழுபவர் 6 கிலோநியூட்டன் விசையில் இழுக்கும்போது கம்பி 10 டிகிரி தொய்ந்தால் முனை ஒவ்வொன்றிலும் 17 கிலோநியூட்டன் வரும். 5 டிகிரியே தொய்ந்தால் 34. கணக்குப் போடாமல் வெல்டு வைத்த கிளாம்பு அதைத் தாங்காது. தொய்வின் அளவையும் கீழே வேண்டிய இடத்தோடு கூட்டுங்கள்.

தொங்குபவரை எப்படி இறக்குவது?

அசையாமல் தொங்கும்போது காலில் இரத்தம் தேங்கி மயக்கம் வரும். அரை மணி நேரத்துக்குள் உயிருக்கே ஆபத்து என்று அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு அமைப்பு எச்சரித்திருக்கிறது. ஹார்னஸில் இரண்டு கால் மிதிப் பட்டைகள் இணைத்திருந்தால் நினைவிருக்கும்வரை அவர் எழுந்து நின்று காலை அசைக்கலாம். விலை அற்பம், பலன் பெரிது.

பிளாக்கில் விழுந்தவர் பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார். ஏணியோ பூம் லிஃப்டோ போதும். லேன்யார்டில் விழுந்தவரின் டி ரிங் கொக்கிக்கு 3 மீட்டருக்கும் கீழே இருக்கும், எட்டாது. ரோப் கிராப் பாரம் இருக்கும்வரை விடாது. இந்த இரண்டுக்கும் முன்கூட்டியே கோர்த்து வைத்த கப்பிக் கிட் வேண்டும். கிட்டின் கொக்கியைக் கம்பால் டி ரிங்கில் மாட்டி, சற்றே உயர்த்தி, பழைய கொக்கியை விடுவித்து, தரைக்கு இறக்க வேண்டும். மேலே தூக்குவதைவிட இறக்குவது எளிது. இறுகிய கயிறுகளுக்கு அருகில் கத்தி வேண்டாம், தவறான கயிறு ஒரு தொடுதலில் அறும்.

இறக்கியபின் உட்கார வைத்தே வைத்திருக்க வேண்டும் என்று முன்பு சொல்வார்கள். பிரிட்டனில் 2009இல் வெளியான ஆய்வு அதற்கு ஆதாரமில்லை என்றது. மல்லாக்கப் படுக்க வைத்து, மூச்சைப் பாருங்கள், முதுகெலும்பு அடிபட்டதாகவே கருதுங்கள், 108ஐ அழையுங்கள். 108 வரும்வரை தொங்கட்டும் என்பது மீட்புத் திட்டம் ஆகாது.

வேலை தொடங்கும் முன் 100 கிலோ மணல் மூட்டைக்கு ஹார்னஸ் போட்டு அதே இடத்தில் தொங்கவிட்டு, அன்றைய ஆட்களையே இறக்கச் சொல்லிக் கடிகாரம் பாருங்கள். 10 நிமிடம் தாண்டினால் கருவியையோ கொக்கி மாட்டும் இடத்தையோ மாற்றிவிட்டு மறுபடி மூட்டையைத் தொங்கவிடுங்கள்.