கொச்சி மேட்சோடு மூணாறு பேக்கேஜ் எடுக்கப் போகிறீர்களா? அட்வான்ஸ் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

கேரளா பிளாஸ்டர்ஸுடன் கொச்சியில் ஃபுட்பால் மேட்ச் என்றாலே நம் சென்னையின் எஃப்சி ஆட்களில் பலர் அப்படியே மூணாறும் போய்விட்டு வரலாம் என்று கிளம்புவார்கள். நாங்களும் அப்படித்தான். 2023 பிப்ரவரி 7, செவ்வாய்க்கிழமை மேட்ச். அதற்கு முந்தைய வார இறுதியில் மலை, செவ்வாய் மாலை கலூர் ஸ்டேடியம் என்பது திட்டம். எர்ணாகுளத்தில் இருக்கும் ஒரு டிராவல்ஸ்காரர் வேன், ரூம், வரையாடு பார்க்கிற இரவிகுளம் பூங்கா டிக்கெட் எல்லாம் சேர்த்து ஒரு ரேட் சொன்னார். பாதிப் பணத்தை முன்னாடியே வாங்கிக்கொண்டார்.

வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய விளம்பரத்தில் மலை முழுக்க நீலக்குறிஞ்சி பூத்துக் கிடந்தது. அது 2018-இல் பூத்தது, அடுத்தது 2030-இல்தான். சரி, விளம்பரம்தானே என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் பில்லில் ‘ராஜமலை என்ட்ரி, தலைக்கு 350 ரூபாய்’ என்று தனியாக ஒரு வரி இருந்தது, அதுதான் அசல் மோசடி. ராஜமலை என்பது இரவிகுளத்தில் சுற்றுலா ஆட்களை விடுகிற பகுதி. வரையாடு குட்டி போடும் காலம் என்று வருஷா வருஷம் பிப்ரவரி, மார்ச்சில் இரவிகுளம் தேசியப் பூங்காவை மூடிவிடுவார்கள். மூணாறில் டீக்கடை வைத்திருப்பவரைக் கேட்டாலும் சொல்வார், வேன் ஓட்டிப் பிழைக்கிறவருக்குத் தெரியாதா என்ன? கேட்டில் நின்ற வனத்துறைக்காரர் நம்மூர்த் தமிழிலேயே, "ஏப்ரல்ல வாங்க தம்பி, இப்ப ஆடு குட்டி போடுற நேரம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். டிராவல்ஸ்காரருக்குப் போன் போட்டால், "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் சார், அதுக்குப் பதிலா ஸ்பைஸ் கார்டன் காட்டச் சொல்றேன்" என்கிறார், என்னவோ நமக்குச் சலுகை தருகிற மாதிரி.

அந்த ஸ்பைஸ் கார்டனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உள்ளே போக ஆளுக்குக் கட்டணம். ஒரு பையன் மிளகுக் கொடி, ஜாதிக்காய், கோகோ என்று வேகவேகமாகக் காட்டிவிட்டு, கடைசியில் வெளியே போகிற வழியே கடைக்குள்தான் என்கிற மாதிரி ஓர் அறையில் கொண்டுபோய் விடுகிறான். அங்கே வழுக்கையில் முடி முளைக்கிற எண்ணெய், மூட்டு வலித் தைலம், கூடவே கண்ணாடி ஜாடியில் பெரிய பெரிய ஏலக்காய். போடியிலும் புத்தடியிலும் நடக்கிற ஏலக்காய் ஏலத்தின் விலை ஸ்பைசஸ் போர்டு தளத்திலேயே வருகிறது, அதைப் போனில் எடுத்துக் காட்டியதும் அந்தப் பையன் சிரித்துவிட்டு டிரைவரைப் பார்த்தான், டிரைவர் வெளியே போய்விட்டார். கமிஷன் யாருக்கு என்று புரிந்துகொள்ள அது போதும்.

ரூம் ‘மூணாறு டவுனில்’ என்று சொல்லியிருந்தார்கள், கிடைத்ததோ ஆனச்சாலில். ஊர் நல்ல ஊர்தான், ஜன்னலைத் திறந்தால் பனி உள்ளே வருகிறது. ஆனால் ராத்திரி சாப்பிட டவுனுக்குப் போகவேண்டும் என்றால் வேன் ‘எக்ஸ்ட்ரா கிலோமீட்டர்’ கணக்கில் ஓடும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். மேட்ச் நாளில் செய்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. மூணாறிலிருந்து கொச்சி ஏறக்குறைய 130 கிலோமீட்டர், அடிமாலி, நேரியமங்கலம் என்று வளைந்து வளைந்து இறங்க வேண்டும், நாலு மணி நேரமாவது ஆகும். காலை பதினொன்றுக்குக் கிளம்பலாம் என்று பேசியிருந்தோம், வேன் வந்ததே ஒன்றரைக்கு. அப்புறம் ஒரு சாக்லேட் கடை, டிரைவருக்கு ஓசிச் சாப்பாடு கிடைக்கிற ஓட்டல், சீயப்பாறை அருவிப் பக்கம் இன்னொரு மசாலாக் கடை. ஆலுவாவில் இறக்கிவிட்டால் மெட்ரோ ஏறி கலூர் ஸ்டேடியத்துக்கான ஜேஎல்என் ஸ்டேடியம் ஸ்டேஷனிலேயே இறங்கிக்கொள்கிறோம் என்று கெஞ்சிப் பார்த்தோம். முடியாதாம், ஆபீசுக்கு வந்து மீதிப் பணத்தைக் கொடுத்தால்தான் பையை இறக்குவாராம். இடப்பள்ளி டிராபிக்கில் மாட்டி, ஆபீசில் சண்டை போட்டு, ஒரு வழியாக ஸ்டேடியம் கேட்டுக்கு வந்து டிக்கெட்டை நீட்டும்போது உள்ளே அத்தனை மஞ்சள் சட்டைக் கூட்டமும் திடீரென்று அடங்கியது. நம்ம எல் கயாதி கோல் போட்டுவிட்டார், இரண்டாவது நிமிடம். அன்றைக்கு நாம் போட்ட ஒரே கோல் அது. உள்ளே போய் உட்கார்ந்து பார்த்ததெல்லாம் பிளாஸ்டர்ஸின் லூனாவும் ராகுலும் திருப்பிப் போட்டதைத்தான், 2-1 என்று தோற்றோம்.

போகிறவர்கள் மலையை மேட்சுக்கு முந்தைய நாளே முடித்துக்கொண்டு இறங்கிவிடுங்கள். ஆலுவாவிலிருந்தும் எர்ணாகுளத்திலிருந்தும் மூணாறுக்கு கேரள அரசு பஸ் இருக்கிறது. இரவிகுளம் டிக்கெட்டை வனத்துறை தளத்தில் நீங்களே எடுக்கலாம், அங்கே தேதி காட்டவில்லை என்றால் யார் என்ன சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள். பேக்கேஜ்தான் வேண்டும் என்றால் ரூம் எந்த ஊரில் என்று லொகேஷன் வாங்குங்கள், மீதிப் பணம் எங்கே, எப்போது என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

கூகுளில் ஒரு ஸ்டார் போட்டு பில்லையும் ஏற்றிய பிறகு, அந்த டிராவல்ஸ்காரர் ராஜமலைப் பணத்தில் பாதியை ஜிபேயில் அனுப்பினார். ரிவ்யூவை எடுத்தால் மீதியும் வருமாம். எடுப்பதாக இல்லை.