சம்பள விற்பனை வேலையா, கமிஷன் முகவர் பணியா: குமரி மாவட்டத்தில் நேர்முகத்துக்குப் போகிறவர்களுக்கு

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ பட்டப்படிப்பை முடித்துவிட்டு நிதித் துறையில் வேலை தேடுகிறவர்களுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். தனியார் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் மாதச் சம்பளத்துடன் ஊக்கத்தொகையும் தரும் விற்பனை அதிகாரி பணி ஒன்று; சம்பளமே இல்லாமல் கமிஷனை மட்டும் நம்பும் எல்.ஐ.சி. முகவர் பணி மற்றொன்று. இரு தரப்பாரிடமும் பேசிப் பார்த்துவிட்டு முகவர் பணியைத் தேர்ந்தெடுத்தவன் நான். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் படிப்பவர் அதற்கேற்ப எடைபோட்டுக்கொள்ளலாம்.

சம்பள வேலையின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவையே. மாதம் பிறந்தால் ஒரு தொகை வரும், வருங்கால வைப்பு நிதி பிடிப்பார்கள், திருமணப் பேச்சில் சொல்லிக்கொள்ள ஒரு பதவிப் பெயரும் இருக்கும். முகவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. முதல் ஆண்டைத் தாங்குவதற்கு வீட்டில் வேறொரு வருமானம் இல்லையென்றால் சம்பள வேலையை ஏற்பதே சரி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

நேர்முகத்தில் இரண்டு தரப்பும் கேட்கும் முதல் கேள்வி ஏறத்தாழ ஒன்றுதான்: உங்களுக்கு அறிமுகமான நூறு பேரின் பெயரை எழுதித் தர முடியுமா என்பார்கள். பலர் இதைக் கேட்டுக் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட வேண்டியதில்லை, ஆனால் பட்டியலைக் கொடுப்பதற்கு முன் அந்த நூறு பேரால் வரும் தொழில் பின்னாளில் யாருடைய கணக்கில் நிற்கும் என்று திருப்பிக் கேட்க வேண்டும். விற்பனை அதிகாரி கொண்டுவரும் பாலிசி அவருக்குக் கீழுள்ள ஒரு முகவரின் எண்ணிலோ வங்கியின் எண்ணிலோதான் பெரும்பாலும் பதிவாகிறது. அவர் வேலையை விட்டதும் சித்தப்பாவும் தாய்மாமனும் கட்டிவரும் பிரீமியத்துக்கும் அவருக்கும் இருந்த உறவு முடிந்துவிடுகிறது. முகவரோ தம் சொந்த எண்ணில் பதிவு செய்கிறார். வாடிக்கையாளர் கட்டும் ஒவ்வொரு தவணைக்கும் புதுப்பித்தல் கமிஷன் வந்துகொண்டிருக்கும். குறிப்பிட்ட நிபந்தனைகளின்படி, முகவர் இறந்த பின் அவருடைய குடும்பத்துக்கும் அது போய்ச் சேரும்.

என் முடிவைத் தீர்மானித்தது இந்தப் புதுப்பித்தல் கமிஷன்தான். 2023 ஏப்ரல் முதல், ஒவ்வொரு வகைப் பாலிசிக்கும் தனித்தனியாக இருந்த கமிஷன் உச்சவரம்பைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. நீக்கிவிட்டதால், விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடலாம். ஆகவே முதல் ஆண்டு விகிதத்தை மட்டும் சொல்லி ஆசை காட்டினால் போதாது. இரண்டாம் ஆண்டு, நான்காம் ஆண்டு, பத்தாம் ஆண்டு என்ன கிடைக்கும் என்பதை எழுத்தில் கேளுங்கள். கணக்குக்காக 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 15,000 ரூபாய் பிரீமியம் உள்ள 100 பாலிசிகள் முழுவதும் நடப்பில் இருந்தால் ஆண்டுக்கு 75,000 ரூபாய் வரும். அவற்றில் 40 தவணை கட்டப்படாமல் காலாவதியானால் அது 45,000 ஆகிவிடும். அதற்குப் பிறகு புதிதாக எத்தனை பேரைச் சேர்த்தாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் சுமப்பது போலத்தான்.

பாலிசி எதனால் காலாவதியாகிறது என்பதை நம் மாவட்டத்தின் தொழில்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். குளச்சலில் விசைப்படகில் வேலை செய்கிறவருக்கு ஜூன் மாதத்தில் ஆண்டுப் பிரீமியப் பாலிசி எழுதினால், அடுத்த தவணையும் ஜூனிலேயே வரும். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டத்தில் தடை ஏப்ரல் 15-லேயே தொடங்கிவிடுகிறது. குலசேகரம், அருமனைப் பக்கம் மழை விடாமல் பெய்தால் ரப்பர் பால்வெட்டு நின்றுவிடும். ஆண்டுத் தவணைக்கு 30 நாளும் மாதத் தவணைக்கு 15 நாளும்தான் சலுகைக் காலம்; அதற்குள் கட்டாவிட்டால் பாலிசி காலாவதியாகிவிடும். இதையெல்லாம் தெரிந்து, தடை முடிந்து கையில் காசு புழங்கும் ஆகஸ்டுக்குப் பிறகு பாலிசியைத் தொடங்கும் முகவர், வாடிக்கையாளருடைய பாதுகாப்பையும் தம் வருமானத்தையும் சேர்த்தே காக்கிறார். மாத இறுதிக்குள் இலக்கை முடிக்க வேண்டிய விற்பனை அதிகாரியால் அப்படிக் காத்திருக்க முடிவதில்லை. அவர் நேர்மையற்றவர் என்று நான் சொல்லவில்லை. அவருடைய சம்பளம் அமைந்திருக்கும் விதம் அவரை அவசரப்படுத்துகிறது.

பெண்களுக்கு இடைவழி ஒன்று உண்டு. 2024 டிசம்பரில் தொடங்கிய எல்.ஐ.சி.யின் பீமா சகி திட்டத்தில் 10-ஆம் வகுப்பு தேறிய, 18 முதல் 70 வயதுக்குட்பட்ட பெண்கள் சேரலாம். முதல் ஆண்டில் மாதம் 7,000, இரண்டாம் ஆண்டில் 6,000, மூன்றாம் ஆண்டில் 5,000 ரூபாய் உதவித்தொகை; கமிஷன் தனி. ஆனால் இரண்டாம் ஆண்டுத் தொகையைப் பெற, முதல் ஆண்டில் எழுதிய பாலிசிகளில் 65 சதவீதமாவது நடப்பில் இருக்க வேண்டும். உறவினர்களைக் கெஞ்சி ஒரு தவணை கட்டவைத்து எண்ணிக்கை காட்டியவர்கள் இந்த இடத்தில்தான் நின்றுவிடுவார்கள்.

முதல் பிரீமியத்தை நானே கட்டிவிடுகிறேன் என்று வாடிக்கையாளரிடம் சொல்லச் சொல்லும் பயிற்சியாளர் யாராக இருந்தாலும் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். இப்படி வாடிக்கையாளருக்குக் கமிஷனில் பங்கு தருவது 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி குற்றம். அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம். வேலையில் சேர்க்க வைப்புத்தொகை கேட்பவர்களையும் அவ்வாறே ஒதுக்குங்கள். சீட்டு நிறுவனங்களில் சேமிப்பை இழந்த குடும்பங்கள் நிறைந்த ஊர்களில் நாம் கதவைத் தட்டப் போகிறோம். நம் நடத்தையில் சிறு கறை இருந்தாலும் ஒரு கதவும் திறக்காது.

சம்பள வேலையில் பல ஆண்டுகள் நிலைத்துக் கிளை மேலாளர் வரை உயர்ந்தவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பாதையை நான் உள்ளிருந்து பார்த்ததில்லை என்பதால், அதன் பிற்பகுதி பற்றி நான் சொல்வதைவிட அவர்களிடம் கேட்பதே நல்லது.

பரஸ்பர நிதித் (மியூச்சுவல் ஃபண்ட்) திட்டங்களை விற்கும் விநியோகஸ்தர் பணியிலும் என் அனுபவம் குறைவு. முகவர் பணியோடு சேர்த்து மெதுவாகத்தான் செய்துவருகிறேன். அதற்கு என்.ஐ.எஸ்.எம். நிறுவனம் நடத்தும் தகுதித் தேர்வில் தேறி, விநியோகஸ்தர் பதிவு எண்ணான ஏ.ஆர்.என். பெற வேண்டும். முதலீடு சேர்ந்ததுமே மொத்தமாகத் தரப்பட்ட முன்கூட்டிய கமிஷனைப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2018-இல் நிறுத்திவிட்டதால், இப்போது கிடைப்பது பெரும்பாலும் முதலீட்டின் மதிப்பைப் பொறுத்து வரும் தொடர் கமிஷன்தான். மாதம் 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி. (மாதாந்திரத் தொடர் முதலீடு) போடும் ஒருவரிடமிருந்து, ஆண்டுக்கு 1 சதவீதம் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், முதல் ஆண்டு முழுவதற்கும் சுமார் 325 ரூபாய்தான் வரும். பத்தாம் ஆண்டில் அது கணிசமான தொகையாகிவிடும் என்பது உண்மை. ஆனால் அதுவரை வீட்டுச் செலவுக்கு வழி வேண்டும். அதனால்தான் புதிதாக வருகிறவரிடம் இதை மட்டும் நம்பி இறங்குமாறு நான் சொல்வதில்லை. முகவர் தேர்வை முதலில் எழுதுங்கள். முதல் சுற்றுப் புதுப்பித்தல் கமிஷன் கைக்கு வந்த பிறகு என்.ஐ.எஸ்.எம். தேர்வுக்குப் படித்தால் போதும்.