ஜோபர்க்கில் மாணவர் அறை தேடுகிறீர்களா? என் 11,400 ரேண்ட் போன கதையைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று முன்தினம் காலை தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் (நாங்கள் ஜோபர்க் என்போம்), பிராம்ஃபான்டெய்ன் பக்கம் ஒரு கட்டட வாசலில் நானும் மகளும் நின்றோம். இரண்டு பெட்டி, ஒரு அரிசிப் பை, ஒரு பிரஷர் குக்கர். நாங்கள் பணம் கட்டிய அறை எண் அந்தக் கட்டடத்திலேயே இல்லை. போனது 11,400 ரேண்ட்.

எங்கள் வீடு டர்பனில், சாட்ஸ்வர்த்தில். மகள் பள்ளிக் கடைசித் தேர்வான மெட்ரிக்கில் நல்ல மார்க்தான் எடுத்தாள், ஆனால் கேட்ட படிப்புக்கு அரசு வர்சிட்டியில் இடமில்லை. ஜோபர்க்கில் ஒரு பெரிய தனியார் வர்சிட்டியில் கிடைத்தது. தனியார் என்றால் என்னவென்று அப்புறம்தான் உறைத்தது. என்எஸ்ஃபாஸ் என்கிற அரசு மாணவர் நிதி உதவி, அரசு பல்கலைக்கழகங்களுக்கும் டீவெட் என்கிற அரசுத் தொழிற்கல்விக் கல்லூரிகளுக்கும்தான். எங்கள் வீட்டு வருஷ வருமானம் அவர்கள் சொல்லும் 350,000 ரேண்டுக்குக் கீழேதான் இருக்கிறது, ஆனாலும் தனியாரில் சேர்ந்தவளுக்கு ஒரு சென்ட் வராது. ஃபீஸை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி, எங்களைப் போல மாதாமாதம் கட்டினால் கூடுதல். காசு இருக்கிறவனுக்குத்தான் எல்லாம் மலிவு. வர்சிட்டி விடுதி எங்கள் கைக்கு எட்டவில்லை, வெளியே தேடினோம்.

மாணவர் அறைகளுக்கென்றே இருக்கும் ஒரு ஆப். பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று என் தம்பி பயமுறுத்துகிறான், அதனால் போடவில்லை. அதில் ஒரு அறை: நீலத் திரைச்சீலை, ஜன்னலோரம் மேசை, வாடகை 5,200. 'சரிபார்க்கப்பட்டவர்' என்று பச்சை டிக் வேறு. நான் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டேன். என் குடும்பப் பெயரைப் பார்த்திருப்பான் போலிருக்கிறது. பதில் வாய்ஸ் நோட்டாக வந்தது, தமிழில்.

"வணக்கம் ஆன்ட்டி, நல்லா இருக்கீங்களா? எங்க ஆயாவும் சாட்ஸ்வர்த்துதான். தங்கச்சிய நான் பாத்துக்கிறேன்."

அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. இங்கே இளைஞன் ஒருவன் நாலு வார்த்தை தமிழ் பேசினால் கோயிலில் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போடுவோம். கோயில் வகுப்பில் பதினோரு வருஷமாகப் பிள்ளைகளுக்கு 'அம்மா, ஆடு' சொல்லிக்கொடுக்கிறேன், வீட்டுக்குப் போனதும் ஒன்றுகூடப் பேச மாட்டார்கள். இவன் பேசினான். தைப்பூசக் காவடிக்கு டர்பன் வரும்போது வீட்டுக்கு வருகிறேன் என்றான். நானும் வாப்பா என்றேன்.

ஒரு மாத வாடகை 5,200, டெபாசிட் 5,200, 'பதிவுக் கட்டணம்' 1,000. இன்று கட்டாவிட்டால் வேறு பெண்ணுக்குப் போய்விடும் என்றான். அவன் கொடுத்த வங்கிக் கணக்கு வேறொரு பெண்ணின் பெயரில் இருந்தது. கேட்டதற்கு "அம்மாவோட அக்கவுண்ட் ஆன்ட்டி" என்றான். அதுகூட எனக்கு உறைக்கவில்லை, அம்மா பெயரில் கணக்கு வைத்திருக்கிற நல்ல பிள்ளை என்றுதான் நினைத்தேன்! பணம் உடனே போய்ச் சேரட்டும் என்று வங்கிக்குத் தனியாகக் கட்டணம் கொடுத்து அனுப்பினேன். திருடனுக்கு எக்ஸ்பிரஸ் டெலிவரி.

இரவு பஸ் ஏறி, விடிகாலை பார்க் ஸ்டேஷனில் இறங்கினோம். கட்டட வாசலில் இருந்த செக்யூரிட்டி எங்கள் பேப்பரை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "இந்த வாரம் நீங்கள் மூன்றாவது அம்மா" என்றார். போன் அடித்தோம். முதல் தடவை மணி போனது, அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

ஆப்காரர்களுக்கு எழுதினேன். புகார் எண் வந்தது. மறுபடி எழுதினேன், இன்னொரு புகார் எண் வந்தது. மூன்றாவது தடவை, "நாங்கள் இருதரப்பையும் இணைத்து வைப்பவர்கள் மட்டுமே, ஆப்புக்கு வெளியே செலுத்திய தொகைக்குப் பொறுப்பில்லை" என்று பதில். அப்படியானால் அந்தப் பச்சை டிக்கை எதற்குக் குத்தினீர்கள்? வங்கியில், போன பணத்தைத் திருப்ப முடியாது, அந்தக் கணக்கில் ஏதாவது மிச்சமிருந்தால் பார்க்கலாம் என்றார்கள். மிச்சமில்லை. போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதி ஒரு கேஸ் நம்பர் வாங்கினேன். வர்சிட்டி அலுவலகத்தில் இருந்த பெண் தண்ணீர் கொடுத்தாள், அது ஒன்றுதான் அன்றைக்குக் கிடைத்த உதவி. வெளி அறைகள் அவர்கள் பொறுப்பில்லையாம்.

11,400 ரேண்ட். என் கணவரின் ஓவர்டைம், என் தையல் காசு. மகள் இப்போது ஜோபர்க்கின் தெற்கே லெனேஷியாவில் ஒன்றுவிட்ட அக்கா வீட்டு சோபாவில் படுக்கிறாள். வகுப்புக்கு இரண்டு மினிபஸ் டாக்ஸி மாறிப் போகிறாள், போகவர அதற்கே கை நிறையச் சில்லறை வேண்டும். சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிறேன் என்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்: நேரில் பார்க்காமல் ஒரு ரேண்டும் கொடுக்காதீர்கள். குடிபோகுமுன் வீட்டுக்காரரும் வாடகைக்கு வருபவரும் சேர்ந்து அறையைப் பார்க்க வேண்டும் என்று வாடகைச் சட்டமே சொல்கிறது, நான் பார்த்தது அவன் அனுப்பிய வீடியோ மட்டும். ஏஜென்ட் என்று சொன்னால் ஏஜென்ட்கள் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய ஃபிடலிட்டி ஃபண்ட் சர்டிபிகேட்டைக் கேளுங்கள். ஜோபர்க்கில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் ஒரு நடை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு அக்கா இருந்தாள், தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்று கேட்கவில்லை.

இன்று காலை அந்த ஆப்பை மறுபடி திறந்தேன். அதே நீலத் திரைச்சீலை, அதே மேசை, அதே பச்சை டிக். வாடகை மட்டும் 4,900 ஆகியிருக்கிறது.