நாயை வண்டியில் ஏற்றும் மடக்கு ராம்ப்: கீல் மேலே இருந்தால் வாங்காதீங்க

மடக்கு ராம்ப் (நாய் ஏறிப்போகும் சாய்வுப் பலகை) செய்யக் கொடுக்கப்போகிறவர்கள், முன்பணத்தை நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் (பெயர் வேண்டாம்) செய்து வாங்கிய ராம்ப் இது. இடுப்பெலும்பு தேய்ந்த 32 கிலோ லாப்ரடாரை ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய் வரத்தான் வாங்கியது. "150 கிலோ தாங்கும் அண்ணாச்சி, கண்ணை மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போங்க" என்று சொல்லி விற்றார்கள். ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தது. நாய் நடுப்பகுதிக்கு வந்ததும் பலகை உள்வாங்கி மடங்கிவிட்டது. நல்லவேளை, காயம் பெரிதாக இல்லை. ஆனால் இப்போது அந்தப் பலகையைத் தரையில் விரித்துப் போட்டால்கூட நாய் கிட்டே வருவதில்லை.

காரணம் ஒன்றே ஒன்று: கீலை மேல்பக்கம் வைத்திருக்கிறார்கள். மடக்கினால் மேலே ஒட்டிய பாய் உள்ளே போய் மறைந்துகொள்ளும், பார்க்க அழகு. ஆனால் நடுவில் பாரம் இறங்கும்போது இரண்டு பாதிகளின் மேல் விளிம்புகள் ஒன்றையொன்று நெருக்கும், கீழ் விளிம்புகள் விலகப் பார்க்கும். கீல் மேலே இருந்தால் கீழே பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. இவர்கள் அங்கே வைத்தது அலமாரிக் கதவுக்குப் போடும் சின்னக் கொண்டி. கீல் அடிப்பக்கம் இருந்தால் மேல் விளிம்புகள் முட்டி நின்று தானாகவே இறுகிக்கொள்ளும். மடக்கும்போது அடிப்பக்கமும் அடிப்பக்கமும் சேர வேண்டும், அதுதான் அடையாளம்.

கீல் கீழே இருந்தால் மட்டும் போதாது. ஓரங்குலச் சட்டத்தில் 6 அடி ராம்ப், நடுவில் 32 கிலோ நாய் நின்றால் கீல்களின் மேல் வரும் இழுவை 500 கிலோவைத் தாண்டும். மரத் திருகும் பாப் ரிவெட்டும் இதற்கு ஆகாது. கனமான இரும்புக் கீல் மூன்று, சட்டத்தோடு வெல்டு வைத்தது வேண்டும். மடிப்புக்கு நேர் கீழே ஒரு மடக்குக் காலும் வைத்தால் இன்னும் நல்லது. லோடு ஆட்டோ, பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு மடக்கும் வேலையே எதற்கு? மடங்காத பலகையே போதும்.

அடுத்தது பைப். ஓரங்குலச் சதுர பைப் 16 கேஜ் என்று பேசிவிட்டு 18 கேஜ் போட்டிருந்தார்கள் (கேஜ் எண் கூடினால் தகடு மெல்லிசு). பெயிண்ட் அடித்த பிறகு கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, தராசில் கண்டுபிடிக்கலாம். 6 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், குறுக்கே ஆறு துண்டு என்றால் 20 அடி பைப் ஒன்று ஏறக்குறைய முழுசாகப் போய்விடும். 16 கேஜ் என்றால் வெறும் சட்டம் 7 கிலோ சொச்சம் இருக்கும். 18 கேஜ் என்றால் ஐந்தரைதான். பலகை அடிக்கும் முன்பே நிறுத்துப் பாருங்கள்.

பிளைவுட்டிலும் கதை இதேதான். மரைன் பிளை (தண்ணீர் தாங்கும் ரகம்) என்றார்கள். ஒரு மழை நனைந்ததும் ஓரம் ஊதிவிட்டது. மரைன் பிளை ஷீட்டில் ஐஎஸ் 710 முத்திரை இருக்கும், 303 என்றால் சாதாரண ரகம். அறுத்த பிறகு முத்திரை எந்தத் துண்டில் போனதோ தெரியாது, முழு ஷீட்டாக இருக்கும்போதே பாருங்கள். சந்தேகம் இருந்தால் வெட்டிய துண்டு ஒன்றைச் சில மணி நேரம் தண்ணீரில் கொதிக்க விடுங்கள். மட்டமானது ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். குறுக்குச் சட்டம் நெருக்கமாக இருந்தால் 9 மில்லிமீட்டர் கனம் போதும். 18 மில்லி போட்டால் தூக்குகிறவர் இடுப்புக்கும் வைத்தியம் பார்க்க வேண்டிவரும்.

நீளம் விஷயத்தில் "4 அடி எல்லா வண்டிக்கும் போதும்" என்பார்கள், நம்பாதீங்க. டிக்கி விளிம்பு தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் என்றால் 4 அடிப் பலகை 30 டிகிரி செங்குத்தாக நிற்கும், வயசான நாய் ஏறாது. 5 அடிக்கு 23 டிகிரி, 6 அடிக்கு 19. விளிம்பு உயரத்தைப் போல மூன்று மடங்கு நீளம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்பரப்புக்குச் செக்கர் பிளேட் (புடைப்புக் கோடு போட்ட உலோகத் தகடு) வேண்டவே வேண்டாம். சித்திரை வெயிலில் பாதம் சுட்டுவிடும், ஐப்பசி மழையில் நகம் வழுக்கும். வளையம் வளையமாக நூல் நிற்கும் கார்ப்பெட்டில் நகம் மாட்டும். வரி போட்ட ரப்பர் பாயை ஒட்டி, ஓரத்தில் வாஷர் வைத்துத் திருகு போடுங்கள். வெறும் பசை நம்ம ஊர் வெயிலுக்கு இளகிவிடும். மேல் முனையை வண்டியோடு கட்ட பெல்ட் கட்டாயம் வேண்டும். நாய் பின்னங்காலை உதைத்து ஏறும்போது பலகை பின்னால் நழுவும்.

வாங்கும் முன் இரண்டு முனைக்கும் செங்கல் முட்டுக் கொடுத்து, நடுவில் 26 கிலோ அரிசிப் பை இரண்டை வையுங்கள். முனைக்கு முனை நூல் பிடித்துப் பார்த்தால் நடுப்பகுதி ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. இதைப் பட்டறைக்காரர் முன்னாலேயே செய்யுங்கள், மூஞ்சியைத் தூக்கினாலும் பரவாயில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "உங்க நாய் வெயிட்டு ஜாஸ்தி" என்று பதில் வந்தது. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். அதற்கு பைப் கேஜ், பிளை ரகம், நீளம், தாங்கும் எடை எல்லாம் பில்லில் எழுதியிருந்தால் நல்லது. இவர்கள் கொடுத்த துண்டுச் சீட்டில் இருப்பது "நாய் பலகை 1" மட்டும்தான்.