ரெஜிஸ்ட்ரி எடிட்டரின் ஃபேவரிட்ஸ் மெனு: எவ்வளவு உதவும், எப்படி ஒழுங்குபடுத்துவது?

விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் தரவுத்தொகுப்புதான் ரெஜிஸ்ட்ரி. அதைப் பார்க்கவும் திருத்தவும் உதவும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்தால் மேலே ஐந்து மெனு தெரியும்: ஃபைல், எடிட், வியூ, ஃபேவரிட்ஸ், ஹெல்ப். நான்காவதை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்காதவர்களே அதிகம். விண்டோஸ் 2000 காலத்திலிருந்து இருக்கும் வசதி இது. அடிக்கடி போகிற கீயின் (ரெஜிஸ்ட்ரியில் ஃபோல்டர் போன்ற பிரிவு) பாதையைப் பெயர் போட்டு வைத்துக்கொண்டால், அடுத்த முறை ஒரே சொடுக்கில் அங்கே போய்ச் சேரலாம். சர்வீஸ் செய்கிறவர்களுக்கும், அலுவலகத்தில் பத்து இருபது கணினியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் இது நேரத்தை மிச்சப்படுத்தும். அதைவிட முக்கியம், தவறான இடத்தில் கை வைப்பதைத் தடுக்கும்.

ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் ‘சேவ்’ கிடையாது, ‘அன்டூ’வும் கிடையாது. ஓகே அழுத்திய நொடியே மாற்றம் பதிவாகிவிடும். இப்படிப்பட்ட இடத்தில் வழி தவறுவது மிகவும் சுலபம். பயனர் உள்நுழையும்போது தானாக ஓடும் நிரல்களைப் பார்க்க லோக்கல் மெஷின் (கணினி முழுவதற்குமான கிளை), சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்வெர்ஷன், ரன் என்று ஆறு படி இறங்க வேண்டும். அந்த ‘விண்டோஸ்’ கீக்குச் சில வரி கீழேயே ‘விண்டோஸ் என்டி’ இருக்கிறது. அதற்குள்ளும் ஒரு ‘கரன்ட்வெர்ஷன்’. ‘ரன்’ கீயை ஒட்டியே ‘ரன்ஒன்ஸ்’. போதாததற்கு, இதே பாதை கரன்ட் யூசர் (இப்போதைய பயனருக்கு மட்டுமான) கிளையிலும் அச்சு அசலாக உண்டு. அவசரத்தில் மரத்தை விரித்துக்கொண்டே போனால் எந்தக் கிளையில் நிற்கிறோம் என்பது கண்ணுக்குத் தப்பிவிடும். ஒரு தடவை சரிபார்த்துப் பெயரிட்டு வைத்த குறி அந்த இடத்தைத் தவறவிடாது.

சேர்ப்பது எளிது. இடப்பக்க மரத்தில் கீயைத் தேர்ந்து, ஃபேவரிட்ஸ் மெனுவில் ‘ஆட் டு ஃபேவரிட்ஸ்’ கொடுத்தால் சின்னப் பெட்டி ஒன்று பெயர் கேட்கும். முதல் கோளாறு இங்கேதான். கீயின் கடைசிப் பெயரை மட்டும் எடுத்து அதுவே பெட்டியை நிரப்பி வைத்திருக்கும். லோக்கல் மெஷினில் உள்ள ரன்னும் ‘ரன்’தான், கரன்ட் யூசரில் உள்ளதும் ‘ரன்’தான். ‘கரன்ட்வெர்ஷன்’ என்று பெயர் தாங்கிய குறியைப் பார்த்தால் அது எந்தக் கரன்ட்வெர்ஷன் என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பெட்டியில் அப்படியே என்டர் தட்டுவதுதான் இந்த மெனு குப்பையாவதற்கு முதல் காரணம்.

இரண்டாவது குறை பெரியது. ஒழுங்குபடுத்த எந்த ஜன்னலும் இல்லை. பெயர் மாற்ற முடியாது, இடம் மாற்றி வைக்க முடியாது, ஃபோல்டர் போட முடியாது, நடுவே கோடு போட்டுப் பிரிக்கவும் முடியாது. ‘ரிமூவ் ஃபேவரிட்’ மட்டும் உண்டு. முப்பது குறி சேர்ந்துவிட்டால் நீளமான ஒரே பட்டியல்தான். பிரவுசரில் புக்மார்க்கை இழுத்து இழுத்து அடுக்கிப் பழகியவர்களுக்கு இது வெறும் கையோடு நிற்பதுபோல் இருக்கும்.

ஆனால் இந்தக் குறைக்கு மருந்தும் எடிட்டருக்குள்ளேயே இருக்கிறது. ஃபேவரிட்ஸ் சேமிக்கப்படுவதே ரெஜிஸ்ட்ரியில்தான். கரன்ட் யூசர், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்வெர்ஷன், ஆப்லெட்ஸ், ரெஜ்எடிட், ஃபேவரிட்ஸ் என்று இறங்குங்கள். (ஒரு குறிகூடப் போடாத கணக்கில் கடைசி கீ இல்லாமல் இருக்கலாம். ஒன்றைச் சேர்த்தால் வந்துவிடும்.) ஒவ்வொரு குறியும் அங்கே ஒரு ஸ்ட்ரிங் வேல்யூ, அதாவது கீக்குள் இருக்கும் எழுத்துப் பதிவு. வேல்யூவின் பெயர்தான் மெனுவில் தெரியும் பெயர், அதன் டேட்டாவில் இருப்பது முழுப் பாதை. ஆகவே வேல்யூவைத் தேர்ந்து எஃப்2 தட்டினால் பெயரை மாற்றலாம். இரட்டைச் சொடுக்கு சொடுக்கினால் பாதையைத் திருத்தலாம். டெலிட் கொடுத்தால் குறி போய்விடும். மெனுவில் பழைய பெயரே தெரிந்தால் எடிட்டரை மூடித் திறந்து பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை, இந்த ஃபேவரிட்ஸ் கீயையே முதல் குறியாகச் சேர்த்துக்கொள்வது. மெனு தராத ‘ஆர்கனைஸ்’ பொத்தான் அதுவாகவே ஆகிவிடும்.

ஃபோல்டர் இல்லாத இடத்தில் பெயர்தான் ஃபோல்டர். முன்னால் இரண்டு இலக்க எண், பிறகு வகை, பிறகு எந்தக் கிளை, கடைசியில் இடம் என்று ஒரே முறையில் வையுங்கள். ‘10 தொடக்கம் – எந்திரம் – ரன்’, ‘11 தொடக்கம் – பயனர் – ரன்’, ‘20 நிறுவியவை – 64’, ‘21 நிறுவியவை – 32’, ‘30 சர்வீசஸ்’, ‘40 புரொஃபைல் லிஸ்ட்’ என்று போனால் பார்த்த உடனே புரியும். பத்துப் பத்தாக இடைவெளி விடுவது பின்னால் ஒன்று நுழைந்தால் எல்லா எண்ணையும் மாற்றாமல் இருக்க. தமிழிலேயே பெயர் வைக்கலாம், யூனிகோட் என்பதால் சிக்கல் இல்லை. கணினியை வேறொருவரும் பயன்படுத்தினால் ‘எந்திரம்’, ‘பயனர்’ என்ற இரண்டு சொல் மட்டும் கட்டாயம் இருக்கட்டும். அதில்தான் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள்.

வரிசையையும் மொத்தமாகச் சீர்செய்ய வேண்டுமானால் கோப்பு வழியாகப் போவது நல்லது. ஃபேவரிட்ஸ் கீயின்மேல் வலது சொடுக்கிட்டு ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து ஒரு ரெக் கோப்பாகச் சேமியுங்கள். அதை ஒரு நகல் எடுத்துத் தனியே வைத்துவிட்டு, மற்றதை நோட்பேடில் திறந்தால் மேலே ‘விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி எடிட்டர் வெர்ஷன் 5.00’ என்ற தலைவரி, ஒரு வெற்று வரி, சதுர அடைப்புக்குள் கீயின் பாதை, அதன் கீழே ஒரு வரிக்கு ஒரு குறி என்று இருக்கும். வரிகளை வெட்டி ஒட்டி, எண் வரிசைப்படியே அடுக்குங்கள். டேட்டாவுக்குள் வரும் ஒவ்வொரு பின்சாய்கோடும் இரட்டையாக இருக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் அந்தக் குறி எங்கேயும் போகாது. கையால் புதிய வரி சேர்ப்பவர்கள் தவறும் இடம் இதுதான்.

இன்னொன்று, கோப்பைத் திரும்ப ரெஜிஸ்ட்ரியில் ஏற்றும் இறக்குமதி என்பது இருப்பதன்மேல் சேர்ப்பது. பழையதை அழித்துவிட்டுப் புதியதை வைப்பதல்ல. பெயர் மாற்றிய குறியைக் கோப்பிலிருந்து இறக்கினால் பழைய பெயரும் புதிய பெயரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அதைத் தவிர்க்க, சதுர அடைப்பு வரிக்கு மேலே அதே வரியை இன்னொரு தடவை எழுதி, திறக்கும் அடைப்புக்கு அடுத்து, உள்ளே ஒரு கழித்தல் குறி போடுங்கள். அந்தக் கீயை முதலில் அழி என்று அதற்குப் பொருள். பிறகு வருவது சுத்தமாக எழுதப்படும். கழித்தல் குறி போட்ட வரியில் பாதை ‘ஃபேவரிட்ஸ்’ என்றுதான் முடிகிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். கடைசிச் சொல் விட்டுப்போய் மேல்கீயில் முடிந்தால் அந்த மேல்கீயே உள்ளிருக்கும் அனைத்தோடும் போய்விடும்.

தமிழ்ப் பெயர் வைத்தவர்கள் கோப்பைச் சேமிக்கும்போது என்கோடிங்கை (எழுத்துகளைச் சேமிக்கும் முறையை) கவனிக்க வேண்டும். எக்ஸ்போர்ட் தருவது யூடிஎஃப்-16 எல்இ என்ற யூனிகோட் வகை. நோட்பேடில் அதே நிலையில் சேமித்தால் போதும், ஆன்சிக்கு மாற்றினால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

அடுத்து, எதைக் குறிக்க வேண்டும் என்பது. விண்டோஸில் பின்னணியில் ஓடும் சர்வீஸ்களுக்கு ‘கரன்ட்கன்ட்ரோல்செட்’ வழியாகக் குறி போடுங்கள், ‘கன்ட்ரோல்செட்001’ வழியாக வேண்டாம். முதலாவது, இப்போது நடப்பில் உள்ள செட்டை (அமைப்புத் தொகுப்பை) காட்டும் இணைப்பு. இரண்டாவது ஒரு குறிப்பிட்ட செட். வேறு செட்டில் கணினி தொடங்கியிருந்தால், ஓடாத அமைப்பைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். ‘கிளாசஸ் ரூட்’ என்பது லோக்கல் மெஷினிலும் கரன்ட் யூசரிலும் உள்ள இரண்டு ‘சாஃப்ட்வேர், கிளாசஸ்’ கிளைகளைச் சேர்த்துக் காட்டும் தோற்றம்தான். அதைக் குறிப்பதைவிட எந்தக் கிளையில் வேலையோ அதையே நேராகக் குறிப்பது தெளிவு. ‘யூசர்ஸ்’ கிளைக்குள் நீளமான எண் தாங்கிய கீகளைக் குறிக்காதீர்கள். அந்த எண் கணக்குக்குக் கணக்கு வேறு, அடுத்த கணினியில் அந்தக் குறி செத்துப்போகும். நிறுவிய நிரல்களின் ‘அன்இன்ஸ்டால்’ கீக்கு 64 பிட் விண்டோஸில் இரண்டு குறி வேண்டும். 32 பிட் நிரல்களின் பட்டியல் ‘வாவ்6432நோட்’ கீழே தனியே இருக்கிறது. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு நிரல் இல்லை என்று முடிவுகட்டுவது சர்வசாதாரணமாக நடக்கிறது.

குறி நினைவில் வைப்பது கீயை மட்டும், அதற்குள் உள்ள வேல்யூவை அல்ல. எந்த வேல்யூவுக்காகப் போகிறீர்கள் என்பதையும் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள். ‘50 மெனு தாமதம் – மெனுஷோடிலே – இயல்பு 400’ என்று பெயர் வைத்தால் ‘கன்ட்ரோல் பேனல், டெஸ்க்டாப்’ கீக்குள் போய்த் தேட வேண்டியதில்லை. மாற்றியது பிடிக்காவிட்டால் திரும்ப எந்த எண்ணைப் போடுவது என்பதும் கையோடு இருக்கும்.

இந்த வசதியில் உண்மையிலேயே ஆபத்தான ஒரு மூலை உண்டு. ஃபேவரிட்ஸ் கணக்குக்குக் கணக்கு தனி. சாதாரணப் பயனர் கணக்கில் இருந்துகொண்டு, ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்து வேறொரு நிர்வாகியின் கடவுச்சொல்லோடு எடிட்டரைத் திறந்தால், மெனுவில் உங்கள் குறிகள் இருக்காது, அந்த நிர்வாகியின் குறிகள் இருக்கும். குறிகள் காணாமல் போய்விட்டன என்று பதறுகிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும். அதைவிட மோசம், அந்த ஜன்னலில் ‘கரன்ட் யூசர்’ என்பதே நிர்வாகியின் கிளை. ‘11 தொடக்கம் – பயனர் – ரன்’ குறியைச் சொடுக்கி ஒரு வரியை அழித்தால் அது நிர்வாகியின் தொடக்கப் பட்டியலில் போகும், உட்கார்ந்திருக்கும் பயனருக்கு எதுவும் மாறாது. பயனர் கிளையில் மட்டும் வேலை என்றால் எடிட்டரைச் சாதாரணமாகவே திறங்கள், சாதாரணக் கணக்கில் அது கடவுச்சொல் கேட்காமலே திறக்கும்.

ஒரு கணினியில் அடுக்கியதை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும்போது பாதையின் முதல் சொல்லையும் பாருங்கள். இன்றைய ஆங்கில விண்டோஸில் அது ‘கம்ப்யூட்டர்’, எக்ஸ்பியில் ‘மை கம்ப்யூட்டர்’. வேறு மொழி விண்டோஸில் அந்த மொழிச் சொல்லாக இருக்கும். புதிய கணினியில் ஒரு குறியைக் கையால் சேர்த்து, அது என்ன சொல்லோடு எழுதுகிறது என்று பார்த்து, கோப்பில் அதையே மொத்தமாக மாற்றி இறக்கினால் தொல்லை இல்லை.

2017இல் வந்த விண்டோஸ் 10 1703 பதிப்பிலிருந்து எடிட்டரில் முகவரிப் பட்டையும் உண்டு. கன்ட்ரோல் எல் தட்டினால் கர்சர் அங்கே போகும். லோக்கல் மெஷினுக்கு எச்கேஎல்எம், கரன்ட் யூசருக்கு எச்கேசியூ என்ற சுருக்கங்களையும் ஏற்றுக்கொள்ளும். எங்கேயோ படித்த பாதையை ஒரு தடவை ஒட்டிப் போக அதுவே வசதி, அதற்கெல்லாம் குறி போட்டு மெனுவை நிரப்ப வேண்டாம். இரண்டு இடத்தை அருகருகே ஒப்பிட எடிட்டரை ‘ரெஜ்எடிட் /எம்’ என்ற கட்டளையில் திறந்தால் இரண்டாவது ஜன்னல் கிடைக்கும். ஃபோல்டர் இல்லாமல் முடியவே முடியாது என்பவர்களுக்கு மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் கருவித் தொகுப்பில் உள்ள ‘ரெஜ்ஜம்ப்’ என்ற சின்ன இலவசக் கருவி இருக்கிறது. அதற்குப் பாதையைக் கொடுத்தால் எடிட்டரை அந்தக் கீயிலேயே திறக்கும். பாதைக்கு ஒன்றாக டெஸ்க்டாப் ஷார்ட்கட் செய்து, ஷார்ட்கட்களைச் சாதாரண ஃபோல்டர்களில் வகை பிரித்து வைத்துக்கொள்ளலாம்.