‘கடை வாசல் வரை ஒரே ரேட்’: சீனச் சரக்குக்கான கிலோ கணக்கு சேவை எப்படி?

புதுச்சேரி நேரு வீதி, காந்தி வீதிக் கடைகளுக்கு வாட்ஸ்அப்பில் வரும் இறக்குமதிக் கொட்டேஷன்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. சீனாவின் யிவூ மொத்தச் சந்தையில் பொருளைத் தேர்ந்தெடுத்தால் போதும். பேக்கிங், கப்பல், டூட்டி, லாரி எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு இவ்வளவு. பொம்மையானாலும் எல்.இ.டி. பல்பானாலும் புளூடூத் ஸ்பீக்கரானாலும் ரேட் மாறாது. முதன்முதலில் சரக்கு இறக்குபவருக்கு இதைவிடச் சுலபம் எதுவும் இல்லை என்றே தோன்றும். எங்கள் மதிப்பீடு: வேண்டாம்.

ரேட் மாறாது என்பதே முதல் சந்தேகம். சுங்கவரி பெரும்பாலும் எடையைப் பார்த்து வருவதில்லை, பொருளின் ஹெச்.எஸ். கோடும் (பொருளை வகைப்படுத்தும் சுங்க எண்) மதிப்பும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. பொம்மைக்கும் ஸ்பீக்கருக்கும் ஒரே கிலோ ரேட் என்றால், பில் ஆஃப் என்ட்ரியில் (சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் பத்திரம்) என்ன பொருள், என்ன விலை என்று எழுதப்பட்டிருக்கிறது? அந்தக் காகிதத்தின் நகலைக் கேளுங்கள். அதில் உங்கள் ஐ.இ.சி. (இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீடு) எண்ணும் ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லையென்றால், சட்டப்படி அந்தச் சரக்கை இறக்கியவர் நீங்கள் அல்ல.

இதன் விலையைக் கணக்கில் பார்க்கலாம். மதிப்பு 1,00,000 ரூபாய், அடிப்படைச் சுங்கவரி 20% என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வரி 20,000. அதன்மேல் 10% சமூகநல சர்சார்ஜ் 2,000. இந்த 1,22,000 மீது 18% ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி.) 21,960. மொத்தம் 43,960 ரூபாய். பில் உங்கள் பெயரில் இருந்தால் அந்த 21,960 உள்ளீட்டு வரிக் கடனாகத் திரும்பி வரும். வேறொருவர் பெயரில் இறக்கி, முறையான ஜி.எஸ்.டி. பில்லும் தராவிட்டால் அது அப்படியே போச்சு. சப்ளையருக்கு உங்கள் வங்கியிலிருந்து பணம் அனுப்பியிருந்தால் இன்னொரு சிக்கல்: உங்கள் பெயரில் பில் ஆஃப் என்ட்ரி வராததால் வங்கியின் ஐ.டி.பி.எம்.எஸ். (இறக்குமதிக்கு அனுப்பிய பணத்தைக் கண்காணிக்கும் முறை) கணக்கில் அந்தத் தொகை முடிக்கப்படாமல் நிற்கும்.

பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) விஷயம் இதைவிடக் கடுமையானது. பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் பி.ஐ.எஸ். உரிமம் கட்டாயம், பொதுவாக ஐ.எஸ். 9873, மின்சாரத்தில் இயங்குபவைக்கு ஐ.எஸ். 15644. எல்.இ.டி. பல்பு, அடாப்டர், பவர் பேங்க் ஆகியவற்றுக்கு ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பி.ஐ.எஸ். பதிவு எண் வேண்டும். புளூடூத் இருந்தால் டபிள்யூ.பி.சி.யின் (மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவு) இ.டி.ஏ. என்ற கருவி அனுமதியும் சேரும். உரிமம் தொழிற்சாலைக்குத்தான், வியாபாரிக்கு அல்ல. யிவூவில் கடை வைத்திருப்பவர் எங்கோ உள்ள வேறொரு ஆலையின் சான்றிதழை எடுத்துக் காட்டுவது சகஜம், ஐரோப்பாவுக்கான சி.இ. சான்றிதழைக் காட்டி இதுவே போதும் என்பதும் உண்டு. இரண்டுமே செல்லாது. புரோஃபார்மா இன்வாய்ஸில் (முன்கூட்டித் தரும் விலைப் பட்டியல்) மாடல் எண்ணையும் ஆலை முகவரியையும் எழுதச் சொல்லி, பிஐஎஸ் கேர் செயலியில் உரிம எண்ணைப் போட்டு, இரண்டும் ஒன்றா என்று பார்த்த பிறகே முன்பணம். முத்திரை இல்லாத பொம்மையை விற்பனைக்கு அடுக்கி வைத்திருப்பதே குற்றம் என்பதால், பில் யார் பெயரில் இருந்தாலும் கடைக்காரர் தப்ப முடியாது. கலவைச் சரக்கில் ஒரே ஒரு பொருளுக்குப் பதிவு இல்லாவிட்டாலும், அதோடு வந்த மற்றவையும் சேர்ந்து முடங்கக்கூடும்.

சரி, மாற்று என்ன? சொந்த ஐ.இ.சி., சீனாவில் பொருளைத் தேடி வாங்கித் தரும் ஒரு சோர்சிங் ஏஜென்ட், சென்னையில் உரிமம் பெற்ற சுங்கத் தரகர் (பேச்சு வழக்கில் சி.ஹெச்.ஏ.). ஐ.இ.சி.க்கு டி.ஜி.எஃப்.டி. (மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) தளத்தில் 500 ரூபாய். மாற்றம் இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் உறுதிசெய்ய வேண்டும், மறந்தால் எண் முடங்கும். அங்கீகாரக் கடிதம், முகவரிச் சான்று என்று துளைத்துக் கேட்கும் தரகரைக் கண்டு சலித்துக்கொள்ளாதீர்கள். 2018ஆம் ஆண்டு உரிம விதிகள் அவரிடம் எதிர்பார்ப்பது அதைத்தான். எதுவுமே கேட்காதவரிடம்தான் எச்சரிக்கை தேவை.

ஏஜென்டுக்கு 30% முன்பணம், சோதனைக்குப் பின் 70% என்று பேசுங்கள். 1,000 பீஸ் லாட் என்றால் வழக்கமான ஏ.க்யூ.எல். (மாதிரி எடுத்துத் தரம் பார்க்கும்) முறையில் 80 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய குறைகளுக்கு ஏ.க்யூ.எல். 2.5 என்று வைத்தால் குறையுள்ள பீஸ் 5 வரை ஏற்கலாம், 6 ஆனால் லாட்டைத் திருப்ப வேண்டும். இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி., தயாரான நாடு, மாதமும் ஆண்டும் கொண்ட லேபிளை ஆலையிலேயே ஒட்டச் சொல்லுங்கள். இங்கே வந்த பின் ஒட்டுவதென்றால் கிடங்கு வாடகையும் கூலியும் சேரும். மரப் பேலட்டில் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை (மரத்தில் பூச்சி இல்லாமல் பதப்படுத்தியதற்கான அடையாளம்) இருக்கிறதா என்று புகைப்படம் கேளுங்கள்.

குறைந்த சரக்குக்கு எல்.சி.எல். (பிறர் சரக்கோடு கன்டெய்னரைப் பகிர்வது) போதும். ஆனால் ‘சி.ஐ.எஃப். சென்னை’ ரேட் (சென்னை வரை கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த விலை) மலிவாகத் தெரிந்தால் நிதானியுங்கள். அங்கே குறைத்த கப்பல் கூலியை இங்கே டெலிவரி ஆர்டர் (சரக்கை விடுவிக்கும் சீட்டு), சி.எஃப்.எஸ். (கன்டெய்னர் சரக்குக் கிடங்கு) கட்டணமாக வசூலிப்பார்கள். எஃப்.ஓ.பி.யில் (சீனாவில் கப்பலில் ஏற்றும் வரையிலான விலை) வாங்கி, ஒரு சி.பி.எம்.முக்குச் (கன மீட்டர்) சென்னையில் ஆகும் மொத்தச் செலவை எழுத்தில் பெறுவதே மேல். பில் ஆஃப் என்ட்ரியைப் பொதுவாகக் கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தாமதத்துக்கு முதல் 3 நாள் தினம் 5,000, அதன்பின் தினம் 10,000 ரூபாய். பேக்கிங் லிஸ்ட் தாமதமாக வந்தாலே இந்தச் செலவு வந்துவிடும்.

நம் ஊருக்கென்றே உள்ள ஒன்று: புதுச்சேரி ஜி.எஸ்.டி. எண் 34இல் தொடங்கும், தமிழ்நாடு 33. கடை புதுச்சேரியில், குடோன் கோட்டக்குப்பத்திலோ கடலூரிலோ என்றால் அது வேறு மாநிலம். 34 எண்ணில் இறக்கிய சரக்கு நேராக அந்தக் குடோனுக்குப் போனால் இ-வே பில்லில் (சரக்கை எடுத்துச் செல்லும் ஜி.எஸ்.டி. சீட்டு) முகவரி இடிக்கும். குடோனுக்கு 33 பதிவு எடுத்து, ஐ.இ.சி.யில் அந்தக் கிளையையும் சேர்த்த பிறகே சரக்கைக் கப்பலில் ஏற்றச் சொல்லுங்கள்.