ஹேவ்லாக்கில் ஸ்கூபா கருவி வாடகைக்கு எடுக்கிறவர்கள் முதலில் கேஜ் முள்ளைப் பாருங்கள்

பிப்ரவரியில் நானும் மச்சானும் அந்தமான் போயிருந்தோம். இரண்டு பேருமே ஓப்பன் வாட்டர் என்கிற ஆரம்ப நிலை டைவிங் பயிற்சியை முடித்தவர்கள். ஹேவ்லாக்கில் ஒரு கடையில் இரண்டு டைவுக்கும் கருவிக்கும் முழுப் பணத்தையும் முந்தின நாளே வாங்கிக்கொண்டார்கள். ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கம்ப்யூட்டரும் அதில் சேர்த்தி என்றார்கள்.

காலையில் படகில் கேட்டால், "பேட்டரி தீர்ந்துடுச்சு அண்ணா, என்கிட்ட ஒண்ணு இருக்கு, போதும்" என்றார் கைடு. அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன், இனிமையாகப் பேசினார். சரி என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரைக் கையில் எடுத்தேன். சிலிண்டரில் மாட்டவே இல்லை, உள்ளே எவ்வளவு காற்றழுத்தம் மிச்சம் என்று காட்டும் கேஜ் முள் 30 பாரில் (பார் என்பது அழுத்த அளவு) நிற்கிறது! பூஜ்யத்தில் நிற்க வேண்டிய முள் அது. 30 கூட்டிக் காட்டும் கேஜ் 50 என்று சொன்னால் உள்ளே இருப்பது 20தான். மேலே வரும்போது 50 பாராவது மிச்சம் இருக்கட்டும் என்றுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கையிருப்பைத்தான் இந்த முள் தின்றுவிடுகிறது.

சொன்னேன். "எல்லாரும் இதுலதான் போறாங்க" என்று கைடின் முகம் சுருங்கியது. இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள். அவர்கள் முன்னால் வாதாடக் கூச்சப்பட்டு மனதுக்குள் 30ஐக் கழித்துக்கொண்டே இறங்கினேன். இறங்கியிருக்கவே கூடாது.

16 மீட்டரில் மச்சான் என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவருக்கு ஒவ்வொரு மூச்சிலும் உப்புத் தண்ணீர். அவருடைய ஆக்டோபஸ், அதாவது அவசரத்துக்கான இரண்டாவது வாய்க்கருவி, கிளிப் இல்லாமல் மணலில் இழுபட்டு, எடுத்ததும் காற்றை நிறுத்தாமல் பீறிட்டுக்கொண்டிருந்தது. என்னுடைய மஞ்சள் ஆக்டோபஸை நீட்டினேன். கைடு எங்களைத் திரும்பியும் பார்க்காமல் முன்னால் போகிறவர்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். முள் 110 காட்டியது. 80 என்று வைத்துக்கொண்டேன். கையைக் கோத்தபடி மெதுவாக ஏறி, பாதுகாப்புக்காக 5 மீட்டரில் நின்று 180 வரை எண்ணிவிட்டு வெளியே வந்தோம். மச்சானின் ரெகுலேட்டரில் பல் கடிக்கும் ரப்பர் கிழிந்திருந்ததைப் படகில்தான் பார்த்தோம். கிளம்பும் முன் ஒருவர் கருவியை ஒருவர் தொட்டுப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

இரண்டாவது டைவ் வேண்டாம், பணத்தைக் கொடுங்கள் என்றோம். "நீங்களாதானே மேல வந்தீங்க" என்று கையை விரித்துவிட்டார்கள்.

மறுநாள் வேறொரு கடை. கருவியை மாட்டியதும் அங்கிருந்த பெண் கேஜை என் கண்ணுக்கு நேரே பிடித்து, "ரெகுலேட்டர், ஆக்டோபஸ் இரண்டிலும் நாலு நாலு மூச்சு இழுங்க, முள் ஆடுதான்னு பாருங்க" என்றார். மூச்சுக்கு மூச்சு முள் இறங்கி ஏறினால் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று அர்த்தமாம். பணம் கட்டுமுன் உங்கள் செட்டை இப்படி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிக்கிற கடையில் பணம் கட்டாதீர்கள்.